குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது: காமாலையா, கேரட்டா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருடைய பெண் குழந்தைக்குப் பத்து மாதம் நடக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு ஆரம்பித்தார். கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றும் குழந்தைக்குப் பிடித்துப்போயின. அவற்றை வேகவைத்து, கொஞ்சம் வெண்ணெய் விட்டு மசித்து, தினமும் இரண்டு வேளை என்று மூன்று மாதத்துக்கும் மேலாகக் கொடுத்துவந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு குளிப்பாட்டும்போது, குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் மூக்கு நுனியும் மஞ்சள் பூத்திருப்பதைப் பார்த்தார். வீட்டுப் பெரியவர் ஒருவர், 'இது காமாலைதான்' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் குழந்தையை வெயிலில் காட்டுகிறார்கள். பத்து நாளாக நிறமுள்ள காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாலும் வாழைப்பழமும் மட்டும் கொடுக்கிறார்கள். அப்படியும் மஞ்சள் குறையவில்லை.

பயம் பிடித்துக்கொண்டால் கண்ணில் படுவதெல்லாம் பயமுறுத்தும் அல்லவா? பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் தன் சிறுநீர் சிவந்து போனதைப் பார்த்து இவர் அழுதிருக்கிறார். ஊதா முட்டைக்கோஸ் வேகும்போது நீலமாக மாறியதால், சாயம் ஏற்றிய காய் என்று நினைத்துக் கொட்டிவிட்டார். கணவர் புகைபிடிப்பவர். நுரையீரலுக்குக் காப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள ஆரஞ்சு நிறமி) மாத்திரை விழுங்கி வருகிறார். கடிதம் இப்படி முடிகிறது: "காய்கறியின் நிறமே என் குழந்தைக்கு விஷமாகிவிட்டதா டாக்டர்? இனி நிறமே இல்லாத சாப்பாடுதான் கொடுக்க வேண்டுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்திலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், 'கண் மட்டும் எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கத்தில் நான் தேடிக்கொண்டிருந்த வரி அதுதான்.

காமாலை என்றால் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். வயதான ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிரித்து வெளியே அனுப்பிவிட வேண்டும். அது முடியாமல் போனால் பிலிருபின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் எலாஸ்டின் என்ற புரத இழை நிறைய உண்டு. பிலிருபின் அதோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். காய்கறியிலிருந்து வரும் மஞ்சள் கண்ணில் அப்படிப் படிவதில்லை. அது தேடிப் போவது தடித்த தோலையும் எண்ணெய்ப் பசையுள்ள இடத்தையும்தான். உங்கள் குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி. அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

குழந்தையை நேரில் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்வது சரியில்லை. அதனால் இந்த வாரத்துக்குள் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனாலும், குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, எடை ஏறுகிறது, தவழ்ந்து வீட்டையே சுற்றி வருகிறது, மலமும் சிறுநீரும் வழக்கம்போல இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாம் சேர்ந்து சொல்வது கரோட்டினேமியாவைத்தான். அதாவது, கரோட்டின் என்ற தாவர நிறமி ரத்தத்தில் கூடி, தோலில் தெரிவது. இது நோயல்ல. குழந்தைக்கு வலியோ அரிப்போ இதனால் வராது, கல்லீரலுக்கும் கெடுதல் இல்லை. 1919-லேயே ஹெஸ், மையர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கேரட் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் மஞ்சளானதைப் பார்த்து இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.

நிறம் தோலுக்கு எப்படி வந்தது?

கேரட் மசியலை எடுத்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பா உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். அதன் உட்புறத்தைப் பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் ஆரஞ்சுக் கறை போயிருக்காது. இப்போது ஒரு துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், துணியில் மஞ்சள் ஏறும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் வெண்ணெய் விட்ட மசியலில் மேலே மிதக்கிற பசை மட்டும் பளிச்சென்று ஆரஞ்சாக இருக்கிறது.

உடம்புக்குள்ளும் நடப்பது அதுதான். பச்சையாகக் கடித்துச் சாப்பிடும் கேரட்டில் கரோட்டினின் பெரும்பகுதி செல்சுவருக்குள் சிக்கியபடியே வெளியே போய்விடும். வேகவைத்தால் அந்தச் சுவர் இளகும், மசித்தால் உடையும், கொழுப்புச் சேர்த்தால் கரோட்டின் அதில் கரைந்து குடலில் எளிதாக ஏறும். நீங்கள் மூன்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். சின்ன உடம்பு, தினமும் இரண்டு வேளை. ரத்தத்தில் கூடிய கரோட்டின், வியர்வையோடும் தோலின் எண்ணெயோடும் வெளியே வந்து, தோலின் மேலடுக்கில் தங்குகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அந்த அடுக்கு தடிமனானது. மூக்கில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். அங்கெல்லாம் முதலில் தெரிவதற்குக் காரணம் இதுதான். கரோட்டின் நிறைந்த உணவை விடாமல் கொடுக்கத் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் நிறம் கண்ணில் படும். உங்கள் கணக்கும் அப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் உங்கள் மனதில் இன்னொரு பயம் இருப்பதைக் கடிதத்தில் பார்த்தேன். 'கரோட்டின் வைட்டமின் ஏ ஆகுமாமே, வைட்டமின் ஏ கூடினால் ஆபத்தாமே?' இரண்டும் உண்மை, ஆனால் இரண்டையும் இப்படி முடிச்சுப் போடக் கூடாது. குடலில் இருக்கும் ஒரு நொதி பீட்டா கரோட்டினை வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது. உடம்பில் அந்த வைட்டமின் போதுமான அளவு இருந்தால் நொதி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தவிர, உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏதான் கிடைக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் காய்கறி சாப்பிட்டு வைட்டமின் ஏ நச்சு வராது. அந்த ஆபத்து, நேரடியாக வைட்டமின் ஏ ஆகவே உள்ள சொட்டு மருந்திலும் மாத்திரையிலும் ஈரல் உணவிலும்தான் உண்டு. குழந்தைக்கு ஏதாவது வைட்டமின் சொட்டு கொடுக்கிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"நிறுத்திப் பத்து நாளாகியும் போகவில்லையே!"

மஞ்சள் போகாததால் காரணம் கேரட் அல்ல என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். டப்பாக் கறையை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பில் போய்த் தங்கிய நிறமி ஒரு வாரத்தில் வெளியேறாது. ரத்தத்தில் அளவு முதலில் குறையும், தோலின் மேலடுக்கு உதிர்ந்து புதிதாகும், அதன் பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். சில வாரம் ஆகும், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பத்து நாளில் போகாதது இயல்புதான்.

சரி, வெயிலில் காட்டுவது? பிறந்த சில நாட்களில் வரும் காமாலைக்கு மருத்துவமனையில் நீல ஒளியின் கீழ் படுக்க வைப்பார்கள். குறிப்பிட்ட அலைநீள ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி, அது வெளியேற உதவும். வெயிலில் காட்டும் பழக்கம் அதைப் பார்த்து வந்திருக்கலாம். கரோட்டினுக்கு அந்த ஒளியால் பயனில்லை. ஒருவேளை பத்து மாதக் குழந்தைக்கு உண்மையிலேயே காமாலை வந்திருந்தாலும், வெயில் மருந்தாகாது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்கள்தான் வீணாகும். மென்மையான தோல் வெந்துபோகவும் வாய்ப்புண்டு. இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பெரியவரிடம் இதற்காகக் கோபப்பட வேண்டாம் அம்மா. குழந்தையின் மஞ்சளைப் பார்த்ததும் சும்மா இருக்காமல் கவலைப்பட்டவர் அவர்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், ஒரு வெள்ளைத் தாளை விரித்து, குழந்தையின் உள்ளங்கையையும் உங்கள் உள்ளங்கையையும் அதன் மேல் வையுங்கள். பிறகு குழந்தையின் கவனத்தைக் கீழே திருப்பி, மேல் இமையை லேசாகத் தூக்கி, விழியின் வெள்ளையைப் பாருங்கள். இரவில் மின்விளக்கின் கீழ் பார்க்காதீர்கள். சில விளக்குகளின் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும், இல்லாத பயம் வரும், சில சமயம் இருக்கிற மஞ்சள் தெரியாமலும் போகும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் கேரட் பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணின் வெள்ளை மஞ்சளாவது. சிறுநீர் அடர் மஞ்சளாகவோ தேநீர் நிறத்திலோ போவது. மலம் வெளுத்து, களிமண் போலவோ சுண்ணாம்பு போலவோ இருப்பது; இதை மட்டும் எந்தத் தாயும் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடக் கூடாது, பித்தம் குடலுக்கு வராமல் அடைபட்டிருப்பதன் அடையாளம் அது. குழந்தை துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, வயிறு உப்புவது, காரணமில்லாமல் தோலில் ரத்தக் கன்றல்கள் தோன்றுவது.

இன்னொன்று: திட உணவே தொடங்காமல் பால் மட்டும் குடிக்கும் சின்னக் குழந்தை மஞ்சளானால், அதைக் காய்கறியின் தலையில் போட்டுவிடக் கூடாது. உடனே காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவசரமில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. குழந்தை வழக்கத்துக்கு மேல் மந்தமாக இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, வளர்ச்சி பின்தங்குகிறதா? தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறுவதும் குறையும். அப்போது கொஞ்சம் கேரட் சாப்பிட்டாலே தோல் மஞ்சளாகும். உங்கள் குழந்தை சாப்பிட்ட அளவே காரணம் சொல்லப் போதுமானது என்றாலும், மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்யட்டும்.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கண், வயிறு பார்த்து, சாப்பாட்டு விவரம் கேட்டாலே அனுபவமுள்ள மருத்துவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும். உறுதிக்காக ரத்தத்தில் பிலிருபின் அளவைப் பார்க்கலாம். கரோட்டினேமியாவில் அது சரியாக இருக்கும். அதற்கு மேல் நீளமான பட்டியல் எழுதினால், 'இந்தப் பரிசோதனையால் என்ன தெரியவரும், சிகிச்சை அதனால் மாறுமா?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

உங்கள் சிறுநீரும் ஊதா முட்டைக்கோஸும்

குழந்தையின் மஞ்சளும் உங்கள் சிவப்புச் சிறுநீரும் ஒரே நோயின் இரண்டு முகங்களோ என்று பயந்திருக்கிறீர்கள். இரண்டும் தாவர நிறமிகளின் வேலை, ஆனால் நேர் எதிர் வேலை. கரோட்டின் எண்ணெயில் கரைவதால் உடம்பில் தங்கியது. பீட்ரூட்டின் சிவப்பு, பீட்டாலைன் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டானின். அது தண்ணீரில் கரையும். பீட்ரூட் நறுக்கிய கையைக் குழாயில் காட்டினால் சிவப்புத் தண்ணீர் ஓடுகிறதல்லவா, அதே மாதிரி குடலில் ஏறிய பீட்டானின் சிறுநீரகம் வழியாக வெளியே ஓடிவிடுகிறது. பலருக்கு இந்த நிறமி வயிற்று அமிலத்திலும் குடலிலுமே சிதைந்து நிறமிழந்துவிடும். பத்துப் பேரில் ஒருவருக்காவது சிதையாமல் சிறுநீர் வரை வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும், கெடுதல் இல்லை.

ஆனால் நீங்கள் பாலூட்டும் தாய் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்களிடம் இப்படிச் சிவப்பது அதிகம் காணப்படுகிறது. உங்களுக்குக் குறைவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஹீமோகுளோபினும், உடம்பில் சேர்த்து வைத்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 'ரத்தம் ஊறும் என்றுதான் பீட்ரூட் சாப்பிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நிறம் ஒத்துப்போவதால் வந்த நம்பிக்கை அது. ரத்தத்தின் சிவப்பு, இரும்பு அணுவைச் சுற்றி அமைந்த மூலக்கூறிலிருந்து வருகிறது. பீட்டானினில் இரும்பே கிடையாது. பீட்ரூட் நல்ல காய்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ரத்தசோகை என்று தெரிந்தால் மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பீட்ரூட்டே சாப்பிடாத நாளில் சிறுநீர் சிவந்தால், அல்லது எரிச்சலும் காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்தால், அது ரத்தமாக இருக்கலாம். அப்போது பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

முட்டைக்கோஸைக் கொட்டியதுதான் எனக்கு வருத்தம். அதன் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல், கருந்திராட்சை, பல நீல, சிவப்புப் பூக்கள் எல்லாவற்றிலும் அதன் உறவினர்கள் உண்டு. இந்த நிறமி இருக்கும் இடத்தின் புளிப்பைப் பொறுத்து நிறம் மாறும். புளிப்பில் சிவக்கும், நடுநிலையில் ஊதா, காரத்தன்மையில் நீலம், இன்னும் போனால் பச்சை. உங்கள் வீட்டுத் தண்ணீர் லேசான காரத்தன்மை உள்ளதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். விழுந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பு புகை போலப் பரவி, ஒரு கலக்கில் டம்ளர் முழுக்கச் சிவக்கும். இதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான். மார்னிங் குளோரி என்ற கொடிப்பூவில் இதையே செடி தானாகச் செய்கிறது. மொட்டாக இருக்கும்போது செவ்வூதா, மலரும்போது இதழ்ச் செல்களுக்குள் புளிப்பு குறைந்து வானநீலம். நிறமி மாறவில்லை, அதைச் சுற்றியுள்ளதுதான் மாறியது. ஆகவே, வேகும்போது நிறம் மாறுவது கலப்படத்தின் அடையாளம் அல்ல, ஆந்தோசயனினின் இயல்பு.

கணவரின் மாத்திரை: இது மட்டும் அவசரம்

கடிதத்தில் நீங்கள் மூன்றே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எனக்கு உண்மையான கவலை. குழந்தையின் மஞ்சள் தானாகப் போய்விடும். புகைபிடிப்பவர் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடுவது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

காய்கறியும் பழமும் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து, அதற்குப் பீட்டா கரோட்டின்தான் காரணமாக இருக்கும் என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது எல்லாரும் திகைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் புகைபிடிப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் அதோடு வைட்டமின் ஏ-யும் கொடுக்கப்பட்டன. அவர்களிடம் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியிருந்ததால், 1996 ஜனவரியில் ஆய்வைத் திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். காக்கும் என்று கொடுத்த பொருள் கெடுதல் செய்தது.

'இயற்கையானதுதானே' என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நடுத்தரக் கேரட்டில் சுமார் 5 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். அதில் ஒரு பங்குதான் உடம்பில் ஏறும். நார்ச்சத்தோடும் மற்ற பல நிறமிகளோடும் கலந்து, மெதுவாக ஏறும். மாத்திரையில் அந்த ஒற்றைப் பொருளை மட்டும் தனியாகப் பிரித்து, எளிதாக ஏறும்படி செய்து, நாள் தவறாமல் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. கேரட் சாப்பிடுவதால் புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. அவர் கேரட்டை விட வேண்டியதில்லை, மாத்திரையைத்தான் விட வேண்டும். கண்ணுக்கான சில மாத்திரைகளிலும் பல சத்துகள் சேர்ந்த மாத்திரைகளிலும் பீட்டா கரோட்டின் சேர்ந்திருக்கும், பின்பக்க அட்டையைப் படித்துப் பாருங்கள். முதியோரின் விழித்திரைத் தேய்வுக்கான மாத்திரை பற்றி 2013-ல் வெளிவந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு, பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன், சியாசாந்தின் என்ற வேறு இரண்டு மஞ்சள் நிறமிகளைச் சேர்ப்பதுதான் வழக்கமாகிவிட்டது. காரணம் இதே நுரையீரல் அபாயம்தான்.

நுரையீரலைக் காக்க அவருக்கு ஒரே வழி புகையை விடுவது. சட்டென்று முடியாவிட்டால் நிக்கோட்டின் மாற்று மருந்துகள் இருக்கின்றன, ஆலோசனை இருக்கிறது, மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும். அதுவரை வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் குழந்தை இருக்கும் இடத்தில் புகை கூடாது. இதைக் கேட்பது சண்டையல்ல, உங்கள் குழந்தையின் உரிமை.

இனி குழந்தைக்கு என்ன கொடுப்பது?

உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது. பழையபடியே தினமும் இரண்டு வேளை ஆரஞ்சுக் காய்கள் கொடுக்கலாம். அதனால் ஆபத்து இல்லை, மஞ்சள் மட்டும் நீடிக்கும், பார்ப்பவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இப்போது போல எல்லாவற்றையும் நிறுத்தலாம். இதுதான் மூன்றிலும் மோசமான வழி. பத்து மாதக் குழந்தைக்கு இரும்பும் துத்தநாகமும் உணவிலிருந்து வந்தாக வேண்டிய காலம் இது. பாலும் வாழைப்பழமும் அதைத் தராது. அந்தப் பால் மாட்டுப்பாலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வயது முடியும் வரை மாட்டுப்பால் முக்கிய பானமாக இருக்கக் கூடாது, இரும்புச்சத்துக் குறைவில் கொண்டுபோய் விடும். நீங்கள் கொடுக்கும் தாய்ப்பால் தொடரட்டும்.

மூன்றாவது வழி, நான் சொல்வது: ஆரஞ்சுக் காய்களை வாரத்தில் மூன்று நான்கு வேளையாகக் குறைத்து, மற்ற வேளைகளில் பருப்பு, முட்டை, கீரை, பட்டாணி, பூக்கோசு, உங்கள் வீட்டில் பழக்கம் இருந்தால் மீனும் இறைச்சியும் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. எல்லாம் நன்றாக வேகவைத்து மசித்துத்தான். ஒரு வேளை ஆரஞ்சாக இருந்தால் அடுத்த வேளை வேறு நிறம், அப்படி வைத்துக்கொண்டால் போதும், அளவுக் கரண்டி தேவையில்லை.

'கேரட்டுக்குப் பதில் கீரையாகக் கொடுத்தால் கரோட்டின் உடம்புக்குள் போகாதல்லவா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா, கீரையிலும் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. பச்சையத்தின் அடியில் மறைந்திருப்பதால் தெரிவதில்லை. இலை பழுக்கும்போது பச்சையம் சிதைந்து, அதுவரை உள்ளேயே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1900-களின் தொடக்கத்தில் சுண்ணத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலையின் நிறமிகளை ஊற்றியபோது, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. (ஸ்வெட் என்ற பெயருக்கே ரஷ்ய மொழியில் 'நிறம்' என்று பொருள்.) எனவே கீரையையும் தினமும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்காமல் மற்றவற்றோடு மாற்றிக் கொடுங்கள். எதிர்ப் பக்கமும் உண்டு: சிவப்பு, மஞ்சள் எல்லாமே வைட்டமின் ஏ தரும் என்று எண்ணிவிடக் கூடாது. தக்காளியின் சிவப்பான லைகோபீன் வைட்டமின் ஏ ஆக மாறாது, கீரையிலும் முட்டை மஞ்சள் கருவிலும் செண்டுமல்லிப் பூவிலும் உள்ள லூட்டீனும் மாறாது. அவை கெட்டவை என்று சொல்லவில்லை. லூட்டீன் நம் விழித்திரையின் நடுவில் போய்ச் சேர்ந்து, அங்கே மஞ்சள் புள்ளியாகவே இருக்கிறது.

கீரை வேகும்போது மங்கிய ஆலிவ் நிறமானால் கவலை வேண்டாம். பச்சையத்தின் நடுவிலிருந்த மக்னீசியம் விலகியதால் வரும் நிறம் அது. பச்சையைக் காப்பாற்ற சமையல் சோடா போடாதீர்கள், வைட்டமின் சி-யும் பி1-உம் அதனால் அழியும். கீரை, பீட்ரூட், கேரட் மசியலை அன்றன்றைக்கே செய்து கொடுங்கள். இவற்றில் இயல்பாகவே நைட்ரேட் உண்டு. மசித்து வெளியே வைத்தால் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அது சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது.

இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கக் காலை நேரத்தில் போங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பது எளிது. ஒரு வாரமாகக் குழந்தை என்னென்ன சாப்பிட்டது, மூன்று மாதமாக எவ்வளவு கேரட் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த மாத்திரைப் புட்டியை மறக்காமல் பையில் எடுத்து வையுங்கள்.